தவல வடைக்குள் முட்டை

போன ரம்ஜான் மாதத்தில் ஒரு சாயங்காலம், எங்கள் மன்னார்புரத்து வீட்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு நான் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போன வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே நம்ப முடியவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேனா என்பதுகூட நினைவில்லை. மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா விளக்கேற்றிவிட்டு, நான் அனுப்பிய எவர்சில்வர் சம்படத்தைத் திறந்து பெருமாளுக்கு முன்னால் வைக்கப்போகிறாள். அந்தச் சம்படத்துக்குள் இருப்பது முட்டை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண். பதினொரு வருடங்களுக்கு முன்னால், கூட வேலை பார்த்த பாலக்கரை ராவுத்தர் வீட்டுப் பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டேன். அவரும் மதம் மாறவில்லை, நானும் மாறவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் என் அப்பாவைப் பார்க்கப் போனோம். அப்பா வாசல் கதவைப் பாதி திறந்து, குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஆத்து மண்ணுல இதுவரைக்கும் ஒரு முட்டை ஓடு விழுந்ததில்லை. இனிமேலும் விழாது" என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டார். கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். அவள் புடவைக் கரை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மனுஷர் எதை வேண்டுமானாலும் சொல்லித் திட்டியிருக்கலாம். மானம் போச்சு என்று கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம். பெற்ற பெண்ணைப் போய் முட்டை ஓட்டோடு சேர்த்துப் பேசினாரே என்றுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கோபத்தை விடவே கூடாது என்று வீம்பாக வைத்திருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தபோதும் அது அப்படியேதான் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா அந்த வார்த்தையைச் சொன்ன நாள்வரை நான் முட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. கல்யாணமாகி இரண்டாவது வாரம், ரோஷத்தில், மாமியாரிடம் போய் "மாமி, எனக்கு ஒரு முட்டை வேகவச்சுக் குடுங்க" என்று கேட்டேன். குமட்டும், வாந்தி வரும், மாமி முகத்தில் எப்படி முழிப்பது என்று உள்ளூர உதறல். ஒன்றும் ஆகவில்லை. சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன். போதாக்குறைக்கு, கொஞ்சம் நெய்யும் மிளகுப்பொடியும் கேட்டு வாங்கி அதில் போட்டுப் பிசைந்துகொண்டேன். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, முட்டையைப் போயி பருப்பு சாதம் கணக்கா பிசையிறியே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

மாமி ஒரு முட்டைப் பலகாரம் செய்வார். வேகவைத்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து, வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், புதினா, சோம்புத்தூள் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, மறுபடி குழிக்குள் அடைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே முட்டையாக்கிவிடுவார். அதை மைதா கரைசலில் முக்கிப் பொரிப்பார். ஒருநாள் மைதா இல்லை. எங்கள் அம்மா செய்கிற மாதிரி நான் தவல வடைக்கு அரைத்த மாவு மிச்சம் இருந்தது. அரிசியும் மூன்று பருப்பும் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், பெருங்காயம், பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய் போட்ட மாவு. அதை முட்டைமேல் அப்பிப் போடலாமே என்றேன். முதல் ஈடு எண்ணெயில் மாவு தனி, முட்டை தனி என்று பிரிந்து கடாய் முழுக்க நாசம். மறுபடி முட்டையை அரிசி மாவில் புரட்டிவிட்டு அப்பியபோது பிடித்துக்கொண்டது. சிறுதீயில் பொன்னிறமாக எடுத்தோம். கடித்தால் வெளியே ஸ்ரீரங்கம், உள்ளே பாலக்கரை. மாமி கண்ணை மூடிக்கொண்டு தின்றார். அதிலிருந்து ஒவ்வொரு நோன்பு மாதமும் பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருநாள் அதுதான் போகும்.

இனி அம்மா. அப்பா போனபிறகு அம்மா எனக்குக் கதவைத் திறந்தாள். ஆனால் கூடம்வரைதான். சமையலறையை எங்களில் தளிகை உள் என்போம். அதன் வாசற்படியை நான் தாண்டக் கூடாது. என் கையால் வாழைப்பழம் வாங்கிக்கொள்வாள், இளநீர் வாங்கிக்கொள்வாள். சமைத்த பண்டம் ஒன்றுகூட வாங்கமாட்டாள். நானும் கேட்டுப் பார்த்து, சண்டை போட்டு, ஓய்ந்துபோனேன்.

போன ரம்ஜான் சமயத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு சமையல் மாமி காலையில் வந்து தளிகை பண்ணி வைத்துவிட்டுப் போவார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து அம்மா சாப்பிடுவதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது. பத்தாவது நாள் போன் பண்ணினாள்.

"ஏண்டி, தவல வடை சாப்பிடணும் போல இருக்கு. அந்த மாமிக்குப் பண்ணத் தெரியலை. நீ பண்ணி அனுப்பேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"புது வாணலி வாங்கிக்கோ. புது எண்ணெய். தலைக்குக் குளிச்சுட்டுப் பண்ணு. பெருமாளுக்குக் காட்டாம நான் வாயில வைக்கமாட்டேன்னு உனக்குத் தெரியும். அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

அடேயப்பா! பதினொரு வருடம் கழித்து என் கைச் சமையல், அதுவும் பெருமாள் வழியாக. போனை வைத்துவிட்டு நான் அழுத அழுகையில் மாமி பயந்தே போனார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. புது வாணலி வாங்கினேன். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றும் புதிதாக வாங்கினேன். எங்கள் பக்கம் சம்படம் என்போம். அதைப் பார்த்த மாமி, "உங்க அம்மாவுக்குப் புதுசு, பள்ளிவாசலுக்குப் பழசா?" என்று கேட்டு, அதே கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று வாங்கிவந்தார். ஏனென்றால் பள்ளிவாசலுக்கு முட்டை வடை அனுப்பவேண்டியதும் அதே நாள்தான்.

காலையில் குளித்துவிட்டு முதலில் அம்மாவுக்கு. வெறும் தவல வடை. பெருமாளுக்குப் போகிற பண்டத்தில் உப்புப் பார்க்கக் கூடாது என்பதால் கைத்திட்டமாகப் போட்டேன். சம்படத்தில் அடுக்கி மூடி, மஞ்சள் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். அடையாளத்துக்கு. பிறகு பழைய கடாயில் முட்டை வடை. மாமி நோன்பு, அவரும் உப்புப் பார்க்க முடியாது. அதை மட்டும் நான் தின்றுபார்த்தேன். நாலரை மணிக்கு நான் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் இரண்டு சம்படங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் ஸ்ரீரங்கம், திரும்பி வந்து பள்ளிவாசல் என்று ஏற்பாடு.

"என்னங்க, நூல் கட்டினது ஸ்ரீரங்கம்!" என்று குளியலறையிலிருந்தே கத்தினேன்.

"சரிம்மா, சரிம்மா" என்று குரல் வந்தது.

ஆறே முக்காலுக்குப் போன். பள்ளிவாசலிலிருந்து அவர். "ஏம்மா, இன்னைக்கு வடையில முட்டை வைக்கலையா? எல்லாரும் கடிச்சுக் கடிச்சுத் தேடுறாங்க."

"நூல் கட்டினதை அங்க குடுக்கச் சொன்னேனே!"

"ரெண்டுலயும் நூல் இருந்துச்சும்மா. கேட்டா நீ கத்துவேன்னு மேல இருந்ததை ஸ்ரீரங்கத்துல குடுத்துட்டேன்."

நான் திரும்பி மாமியைப் பார்த்தேன். நோன்புக் கஞ்சிக் கிண்ணம் கையில் அப்படியே நிற்க, மாமி என்னைப் பார்த்தார். "வண்டியில ஆடித் தொறந்துக்கும்னு அந்த இன்னொண்ணையும் நான்தாம்மா கட்டிவிட்டேன். உன்னோட நூல் மிச்சம் இருந்துச்சு" என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. "யா அல்லாஹ்" என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

யாரைத் திட்டுவது? அக்கறையில் செய்த வேலை. அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் எடுக்கமாட்டாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பாலக்கரையில் நெரிசல், சத்திரம் பேருந்து நிலையத்தில் நெரிசல், காவிரிப் பாலத்தில் ஒரு பஸ் நகரவேமாட்டேன் என்கிறது. ஹாரன் அடித்து அடித்து எல்லாரிடமும் வசவு வாங்கினேன். போச்சு, எல்லாம் போச்சு. இரண்டு வருடம் கெஞ்சிக் கெஞ்சித் திறந்த கதவு. அம்மா முட்டையை எந்தக் காலத்தில் கண்டாள்? ஏதோ மசாலா என்று நினைத்துப் பெருமாளுக்குக் காட்டி, தானும் வாயில் போட்டிருப்பாள். நான் உண்மையைச் சொன்னால் அவள் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பாவம் அவளை விடாது. சொல்லாமல் மறைத்தால் என்னை விடாது. இனிமேல் என் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டாள்.

உள்ளே நுழைந்தபோது அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுக் கை மடியில். பெருமாள் முன்னால் விளக்கு எரிந்தது. சம்படத்தைக் காணோம்.

"அம்மா, அந்தச் சம்படம்..."

"கொல்லைல துணி தோய்க்கற கல்லுமேல இருக்கு. காக்கா தொடாம மூடி வச்சிருக்கேன்."

"பெருமாளுக்கு...?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூடியைத் திறந்ததுமே பூண்டு நெடி. உன்னைத் திட்டலாம்னு பார்த்தேன். பூண்டுக்குப் பின்னாடி இன்னொரு வாசனை வந்துது. ஒண்ணைப் பிட்டுப் பார்த்தேன். ஏண்டி, வேகவைக்கறச்சே தண்ணில கல்லுப்பு போடமாட்டியோ? வெள்ளையெல்லாம் ஓட்டோட பிஞ்சு போயிருக்கே."

"அவசரத்துல மறந்துட்டேம்மா" என்றேன்.

சொல்லி முடித்து ஒரு நாலைந்து விநாடி ஆகியிருக்கும். பிறகுதான் எனக்கு உறைத்தது. யார் இது? என்ன பேசுகிறாள்?

"அம்மா! உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு அஞ்சு வயசு" என்று ஆரம்பித்தாள். "நெஞ்சுல சளி கட்டி எலும்பும் தோலுமா இருந்தே. தில்லை நகர்ல ஒரு டாக்டர். தினம் ஒரு முட்டை குடுங்கோ, இல்லேன்னா குழந்தை தேறாதுன்னார். உன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, வேற ஏதாவது எழுதிக் குடுங்கோன்னார். எழுதிக் குடுத்தார். அந்த மருந்து கேக்கலை. வாராவாரம் உன்னை ஊசி போட நான்தானே பஸ்ல கூட்டிண்டு போவேன்? திரும்பி வரச்சே ஏழு வாங்கி, பைல அரிசிக்குள்ள புதைச்சுக் கொண்டு வருவேன்."

"இங்கயா? இந்த ஆத்துக்கா?"

"கொல்லைல பம்ப் ஸ்டவ். ஒரு அலுமினியச் சொம்பு. அப்பா ஆபீஸ் போனப்பறம். மொத நாள் வெடிச்சு நுரைச்சுண்டு வழிஞ்சுது. யாரைப் போய்க் கேப்பேன்? முட்டைக்காரன்தான் கல்லுப்பு போடச் சொன்னான். நீ ஓக்காளிக்கக் கூடாதேன்னு நெய்யும் மிளகும் போட்டுப் பிசைஞ்சு, லேகியம்னு சொல்லி ஊட்டுவேன். நாலு மாசம்."

நெய்யும் மிளகும். என் வாயில் அந்த ருசி அப்படியே வந்து நின்றது. மஞ்சள் லேகியம்! பிறகு எத்தனையோ தடவை அது வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதைக் கொடுத்த வைத்தியர் செத்துப்போய்விட்டார் என்பாள். அடிப்பாவி அம்மா!

"ஓடு?" என்று கேட்டேன்.

"பவழமல்லிக்கு அடில புதைச்சேன்."

கொல்லையில் அந்தப் பவழமல்லி இன்றைக்கும் நிற்கிறது. இந்தத் தெருவிலேயே நம் ஆத்துப் பவழமல்லி மாதிரி பூக்கிறது எங்கேயும் இல்லை என்று அப்பா பெருமைப்பட்டுக்கொள்வார். விடிகாலையில் பொறுக்கி, அவரே தொடுத்து, பெருமாளுக்குச் சாற்றுவார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் வந்தது கோபம்தான்.

"அப்பா அன்னைக்கு என்னை வாசல்ல நிக்கவச்சு, இந்த மண்ணுல ஓடு விழுந்ததில்லைன்னு சொன்னாரே. நீ கதவுக்குப் பின்னாடிதானே நின்னுண்டிருந்தே?"

"நின்னுண்டிருந்தேன்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா? பதினொரு வருஷம்மா! அப்பா போனப்பறமாவது சொன்னியா?"

"பயந்தேண்டி" என்றாள் அம்மா. "சொன்னா உன்னை உள்ள விட்டுடுவாரா? என்னையும் வெளில அனுப்பிட்டா எங்க போவேன்? அவர் போனப்பறம், சொன்னா நீ கேப்பியே இப்படி, அதுக்குப் பயந்தேன். தப்புதான். உன் கையால வாங்கிச் சாப்பிட உக்காந்தா எல்லாத்தையும் கொட்டிடுவேன்னு இருந்தது. அதான் வாங்கலை." அவள் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா என்னிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் எனக்குச் சண்டை போட வரவில்லை.

அவளே எழுந்தாள். "போய்க் குளிச்சுட்டு வா. கொடில மடிப்புடவை இருக்கு, கழியால எடுத்துக் கட்டிக்கோ. சம்படத்தைத் திறந்த கையோட அரிசி பருப்பு ஊறப்போட்டுட்டேன். விஷயம் தெரிஞ்சா நீ பறந்துண்டு வருவேன்னு தெரியும். அரைக்க எனக்குக் கை இல்லை" என்றாள்.

ஈரத்தலையோடு தளிகை உள்ளே கால் வைத்தபோது, பெருங்காய டப்பா எந்த மாடத்தில் இருக்கிறது என்பது என் கைக்கு நினைவிருந்தது. மிக்சியில் மாவை ஓட்டினேன். அம்மா மணையில் உட்கார்ந்து, தேங்காயைப் பொடியாக நறுக்கு, அவ்வளவு பெரிசா நறுக்காதே என்று வழக்கம்போல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வாணலியில் எண்ணெய் வைத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடைசிவரைக்கும் அப்பாவுக்குத் தெரியவே தெரியாதாம்மா?"

அம்மா மணையை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"ஸ்டவ்வை விறகு அடுக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தேன். ரெண்டாவது மாசம் மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு. மண்ணெண்ணெய் டின்னை உன் அப்பா அலமாரில வச்சுப் பூட்டியிருப்பார், சாவி அவர் பூணூல்ல. எதைச் சொல்லிக் கேப்பேன்? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் அவர் ஆபீஸ் போனப்பறம் போய்ப் பார்த்தேன். ஸ்டவ் நிரம்பியிருந்தது. பக்கத்துல, அடைப்பு எடுக்கற பின் ஒரு பொட்டலம், புதுசு. அதுக்கப்பறம் நாலு மாசம் முடியறவரைக்கும் அது தீரவேயில்லை."

"நீங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிண்டதே இல்லையா?"

"எதைப் பேசறது?" என்றாள் அம்மா.

அப்பா! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் பார்க்காமல், முட்டை வேகிற ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். அதே மனுஷர்தான் கதவில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த கோபத்தை இனி யார்மேல் காட்டுவது? இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். காலில் விழுந்திருப்பேன். ஏன்ப்பா, ஏன்ப்பா என்று வாய்விட்டே அழுதேன்.

"எண்ணெய் புகையறது பாரு. தட்டிப் போடு" என்றாள் அம்மா.

ஒரு ஈடு எடுத்து, தட்டில் வைத்து, அம்மா சொன்னபடி பெருமாளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். துளசித் தீர்த்தத்தை இடது கையால் தெளிக்க மாட்டேன் என்று அதையும் என்னையே தெளிக்கச் சொன்னாள். கண்ணை மூடி வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். ரொம்ப நேரம் முணுமுணுத்தாள்.

பிறகு தட்டை அவள் முன்னால் வைத்து, ஸ்பூனை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"பெருமாள் பிரசாதத்தை எடக்கையால எப்படிடி சாப்பிடறது? ஊட்டு" என்று வாயைத் திறந்தாள்.

வடையைப் பிட்டு, ஊதி ஆறவைத்து, அம்மா வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள்.

"இதுலயும் உப்பு போறாது" என்றாள். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.